பத்தாவது வரை

குருவானவர் பிரசங்கத்தின் இரண்டாம் தலைப்புக்கு வந்துவிட்டார். எப்போதும் மூன்று தலைப்புதான், அதற்குமேல் போனால் ஆண்கள் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாவது முடிந்ததும் ஒரு பாட்டு, பாட்டு முடிந்ததும் 'பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளெல்லாம் முன்னால் வாங்க' என்று கூப்பிடுவார், வருஷா வருஷம் பங்குனி வெயில் ஏறும்போது ஆறுதல்புரம் கோயிலில் நடக்கிறதுதான், பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் கிராதியோரம் வரிசையாக முழங்கால் போடும், ஒவ்வொன்றும் மைக்கில் பேரும் வகுப்பும் எந்தப் பாடம் கஷ்டம் என்றும் சொல்லும், குருவானவர் தலையில் கை வைத்து அந்தப் பாடத்துக்காக ஜெபிப்பார். அதற்குள் பியூலா ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், எழுந்து போவதா, பேசாமல் உட்கார்ந்திருப்பதா. முடிவு நேற்றைக்கே எடுத்தாயிற்று, போகக்கூடாது என்று. காலையில் மாமனாருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டும்போது போனால்தான் என்ன என்று ஆயிற்று. கோயிலுக்குள் வந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்தில் ஹெலன் அக்காவுக்கு அருகே உட்கார்ந்ததும் மறுபடி ஐயோ வேண்டாம் என்று ஆயிற்று. நாற்பத்தைந்து வயதில் பத்தாவது எழுதப்போகிறவள் அவள். அது இந்தக் கோயிலுக்குள் இருக்கிறவர்களில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் அவள் புருஷனுக்கும். கர்த்தரையும் சேர்த்தால் மூன்று. அவர் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தூணில் மாட்டியிருந்த பாட்டுப் பலகையைப் பார்த்தாள். 143, 221, 96. நூற்று நாற்பத்து மூன்றைப் பார்த்தாலே வாலிபப் பயல்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பான்கள், அவன்களுக்கு அது ஐ லவ் யூ என்கிற காதல் கணக்கு. அவளுக்கு அது பதினொன்று பெருக்கல் பதின்மூன்று. இருநூற்று இருபத்தொன்று பதின்மூன்று பெருக்கல் பதினேழு. அப்போ இரண்டுக்கும் பொதுவாகப் பதின்மூன்று. தொண்ணூற்றாறு இந்தக் கூட்டத்தில் சேராது, அது இரண்டு இரண்டாக உடைந்து உடைந்து கடைசியில் மூன்றில் போய் நிற்கும். ஒரு வருஷமாக இதே வேலைதான், பஸ் நம்பர், கேஸ் சிலிண்டர் நம்பர், எதைக் கண்டாலும் உடைத்துப் பார்க்காவிட்டால் கை அரிக்கிறது. பிரசங்கத்தின்போது கணக்குப் போடுவது பாவமா என்று ஒருநாள் யோசித்தாள். பக்கத்தில் ஹெலன் அக்கா மத்தியானக் கறிக்கு வெங்காயம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டுதான் இருப்பாள், அது பாவமில்லை என்றால் இதுவும் இல்லை. குருவானவர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பொறுமையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும், முப்பது வயது, நல்ல மனுஷர்தான், ஆனால் பொறுமை என்றால் என்ன என்று இந்த நாலாவது பெஞ்சில் வந்து கேட்டால் சொல்வேன். மின்விசிறி டக் டக் என்று அடித்தது. ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் செல்வின் சார் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், கோயிலில் சேகரச் செயலர், வீட்டில் அவள் புருஷன். பின்னங்கழுத்தில் முடி சீராக வெட்டியிருந்தது. அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்புகிறாரா என்று. திரும்பவில்லை. திரும்பினால் கண்ணாலேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார், அதற்காகத் திரும்பாமல் இருப்பதும் நல்லதுதான்.

வரை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. பெண் பார்க்க வந்த அன்று அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளை பத்தாவது வரை படிச்சிருக்கா என்றார். பொய் இல்லை. பத்தாவது வரைதான் படித்தாள், பத்தாவதைத் தாண்டவில்லை, அவ்வளவுதான், கேட்டவர்கள் பாஸ் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு அப்பா என்ன செய்வார். செல்வின் சாருக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தது. சரி விடு என்று சொல்லிவிட்டார், சத்தம் போடவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து அவரும் யார் கேட்டாலும் 'பத்தாவது வரை' என்று சொல்லப் பழகிக்கொண்டார், அப்பாவைப் போலவே லேசாகச் செருமிக்கொண்டு. ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லை என்று அவளை நிறுத்தினார்கள், அன்றையிலிருந்து ஊரெல்லாம் பியூலா டீச்சர். டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு முள் குத்தும், பிறகு முள் பழகிப்போயிற்று. அந்தக் காலத்தில் பத்தாவது ரிசல்ட் பேப்பரில்தான் வரும், பாஸானவர்களின் நம்பர் மட்டும். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், பேப்பரை ஆஸ்பத்திரி மேஜையில் விரித்து விரலால் தடவிக்கொண்டே போனார், அவள் நம்பருக்கு முந்தினது இருந்தது, பிந்தினது இருந்தது, அவருடைய விரல் அந்த இடைவெளியில் போய் நின்றது, இன்னொரு தடவை மேலேயிருந்து வந்து அங்கேயே நின்றது. காய்ச்சல் கிடையாது, வயிற்றுவலி கிடையாது, பேனா மக்கர் பண்ணவில்லை. கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். சாக்குச் சொல்லக்கூட ஒன்றும் இல்லாத தோல்வி. மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில்தான். அந்தக் கணக்குக்காகத்தான் அவள் பிறந்த ஊர்க் கோயிலில் இதே மாதிரி கிராதியோரம் முழங்கால் போட்டாள், அந்தக் குருவானவர் எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டார், கணக்கு என்று சொன்னாள், தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார், அவளும் கண்ணீரோடு ஆமென் சொன்னாள். இவளுக்கு மண்டையில ஏறாது, விட்டுரு, என்று அப்பா பேப்பரை மடித்தார். அம்மா சொன்னதுதான் இன்னும் மோசம், நீ விசுவாசத்தோட ஜெபிச்சிருக்க மாட்ட என்றாள். கணக்கிலும் பெயில், விசுவாசத்திலும் பெயில் என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய சுமையா அது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை, தெரிகிறது, அதை இந்த இடத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடாது.

மூன்றாம் தலைப்பு. ஹெலன் அக்கா மெல்லச் சாய்ந்து, கண்ணு எரியுதா பியூலா, அடிக்கடி இடுக்கிக்கிட்டு பலகையப் பாக்க, என்றாள் காதோடு. இல்லக்கா என்று தலையாட்டினாள். கண்! இந்தக் கண் கதை வேறு. அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போகாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள், அதனால் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி டவுனில் அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். டீச்சர் வாராவாரம் எங்க போறாங்க என்று யாரோ கேட்க, செல்வின் சார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சட்டென்று, கண் டாக்டரப் பாக்க, என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்கவும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமையே பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டத்தில் சகோதரி பியூலாவின் கண்களுக்காக என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவள்தான் அந்த ஐக்கியத்துக்குச் செயலாளர், அவளே முழங்காலில் நின்று அவள் கண்ணுக்காக மற்றவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வீடு பொன்னாங்கண்ணிக் கீரை வந்தது. கூட்டு வைத்தாள், பொரியல் வைத்தாள், செல்வின் சாருக்குத்தான் அதிகமாகப் போட்டாள், மனுஷர் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார். நல்ல கண், ஊசியில் நூல் கோக்கிற கண், அதற்கு ஒரு சபையே ஜெபிக்கிறது, நிஜமாகவே ஜெபம் தேவைப்படுகிற இடத்தைப் பொத்தி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சனிக்கிழமைகள், அவற்றை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நீண்ட மேஜை, சோதனைக்குழாய், பக்கத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள், ஆன்ட்டி லிட்மஸ் தாள் கொடுங்க என்று கேட்கும், நீலம் சிவப்பாக மாறியபோது அந்தப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது, அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

எதுக்கு, என்று செல்வின் சார் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். வேலைக்குப் போகப்போகிறாயா, இல்லை. மேலே படிக்கப்போகிறாயா, தெரியாது. பின்னே எதுக்கு. காலையில் எழுந்து மாமாவைத் துடைத்து உடுப்பு மாற்றி, சமைத்து, ஐக்கிய வேலை, ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் பலகாரம், இதெல்லாம் எதுக்கு என்று யாரும் கேட்டதில்லையே. மகன் ரெஜின் பத்தாவது படிக்கும்போது ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்திருந்தான், அவள் தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள், இந்தப் பக்கத்துல இருக்கத அந்தப் பக்கம் கொண்டுபோனா என்னல என்றாள் சும்மா, அவன் கொண்டுபோனான், விடை வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. மண்டையில் ஏறாது என்று சொன்னவரைக் கல்லறையிலிருந்து எழுப்பிக் காட்ட வேண்டும் போல் இருந்தது. ஏறிற்று அப்பா, பிந்தித்தான் ஏறிற்று, ஆனால் ஏறிற்று. அன்றையிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது, ரெஜின் சென்னைக்குப் படிக்கப் போனபிறகு அவன் விட்டுப்போன புத்தகத்தை எடுத்தாள், பாடத்திட்டம் மாறிவிட்டதால் கணக்கு மட்டும் போதாது ஐந்தையும் எழுத வேண்டும் என்றார்கள், இங்கிலீஷ் மறந்தே போயிருந்தது, எழுதினால் போகிறது. சூத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே மாமாவுக்குக் கஞ்சி ஊட்டுவாள், அவருக்குக் காது மந்தம், மருமகள் ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார், மைனஸ் பி கூட்டல் கழித்தல் என்று தொடங்கி கீழே டூ ஏ வரைக்கும் வந்து நிறுத்தினால் ஆமென் என்பார். அந்த வீட்டில் அவள் கணக்குக்கு ஆமென் சொன்ன ஒரே ஆள் அவர்தான். செல்வின் சாரைக் குற்றம் சொல்ல முடியாது, கைடு வாங்கிக் கொடுத்தார், ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். ரிசல்ட் வரட்டும் பியூலா, பாஸாயிட்டா நானே கோயில்ல அறிக்கை வாசிக்கேன், அதுவரைக்கும் மூச்சு விடாத, என்றார். அவருக்குத் தேர்தல் பயம். சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தலில் அவரும் நிற்கிறார், எதிர் அணிக்காரர்கள் மேடை போட்டுப் பேசுவார்கள், ஹெட்மாஸ்டர் பொண்டாட்டி பத்தாவது பெயில் என்று. பேசட்டுமே. அதுவும் பொய் இல்லையே.

பாஸானால் சொல்லலாம். அங்கேதான் சிக்குகிறது. எத்தனை தரம் சுற்றி வந்தாலும் மனசு அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. பாஸாகாவிட்டால் என்ன, அப்போது கண் டாக்டரிடம் போனவளாகவே செத்துப்போக வேண்டுமா. போய் முழங்கால் போட்டு, ஊரறியச் சொல்லி, மறுபடியும் கோட்டைவிட்டால், ஐக்கியத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை எதற்காக ஜெபிப்பார்கள், பிள்ளைகள் எந்த முகத்தோடு டீச்சர் என்பார்கள், டீச்சர் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடிப்பார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் போகாது. ஒன்றும் போகாது, ஆனால் போன தடவையும் ரகசியமாகத்தான் அழுதோம், இந்தத் தடவையும் ரகசியமாகத்தான் எழுத வேண்டுமா, திருடியா நான். அப்புறம் இன்னொன்று, அதையும் சொல்லிவிடலாம், மனசுக்குள்தானே. ஆண்டவரே, உம்மிடம் ஒருதடவை கேட்டேன். நீர் தரவில்லை. ஏன் என்று இந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை, உம் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தவில்லை, உம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுத்தேன், உம் பண்டிகைக்கு முறுக்குச் சுட்டேன். எனக்கு விசுவாசம் இல்லை என்று என் அம்மா சொன்னாள், நீர் மறுத்துச் சொல்லவில்லை. விசுவாசம் இருந்ததா இல்லையா என்று உமக்குத் தெரியும். இந்தத் தடவை நான் படித்திருக்கிறேன். விடியற்காலையில் எழுந்து படித்திருக்கிறேன், அடுப்பில் பால் பொங்கப் பொங்கப் படித்திருக்கிறேன். அதனால் பயந்துகொண்டு வரவில்லை, வந்தால் நிமிர்ந்துதான் வருவேன், அதற்கு நீர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளும்.

இப்படி அவள் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே சபை எழுந்து நின்றுவிட்டது, ஆர்கன் தொடங்கிவிட்டது, அவளும் எழுந்து வாயசைத்தாள். என்ன பாட்டு என்றுகூடத் தெரியவில்லை. கடைசிச் சரணம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள், குருவானவர் கிராதிக்கு இறங்கி வந்து கூப்பிட்டார். பிள்ளைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுந்தன, பாவாடை தாவணி, சுடிதார், எண்ணெய் வைத்து வாரிய தலைகள், எல்லாம் அவளிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவை. செல்வின் சார் மைக்கை எடுத்துக்கொண்டு போய்க் குருவானவருக்குப் பக்கத்தில் நின்றார், செயலருடைய வேலை அது. ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்காக அவர்களின் தாய்மாரும் முன்னால் போவதுண்டு. ஹெலன் அக்கா முழங்கையால் இடித்தாள். ரெஜினுக்கும் செமஸ்டர் வருதுல்லா, நீயும் போய் அவனுக்காக முழங்கால் போடு, என்றாள். அதைக் கேட்டதும் பியூலாவுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. எவ்வளவு நல்ல வழி. போன மாதிரியும் இருக்கும், போகாத மாதிரியும் இருக்கும், மகனுக்காக வந்த தாய் என்று முழங்கால் போட்டு, ஜெபத்தை மட்டும் தனக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், ஒரு பயலுக்கும் தெரியாது. ஆண்டவர் கண்டுகொள்ள மாட்டார். எழுந்துவிட்டாள். பெஞ்சைத் தாண்டி ஒரு கால் வைத்தும்விட்டாள். அப்புறம்தான் உறைத்தது, இதுவும் அந்த 'வரை' தானே, அப்பா செருமிய அதே செருமல்தானே. அப்படியே நின்றாள். ஹெலன் அக்கா என்ன என்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள்.

"ரெஜினுக்கு இல்லக்கா," என்றாள் பியூலா. "எனக்கு. நான் பத்தாவது எழுதுதேன். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பின்பெஞ்சில் யாரோ யாரிடமோ என்ன என்று கேட்டார்கள். பியூலா நடந்தாள். நடுவழி இவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷத்தில் தெரிந்ததே இல்லை, கல்யாணத்தன்றுகூடத் தெரியவில்லை, அன்று தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். இன்று குனியவில்லை. வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வரிசைக் கடைசியில் பிரிஸ்கில்லா என்ற பெண் நகர்ந்து இடம் விட்டு, டீச்சர், யாருக்கு, என்றது மெதுவாக. எனக்குத்தான்ட்டி என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நீங்களும் டென்த்தா என்று கேட்டு, ஆமா என்றதும், அப்போ எங்க செட் என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான் அதற்கு. இந்தப் பிள்ளைக்குப் பயந்துதான் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம்.

ஒவ்வொரு தலையாக ஜெபித்துக்கொண்டு வந்தார் குருவானவர். இயற்பியல், பிறகு கணக்கு, மறுபடியும் கணக்கு, பிரிஸ்கில்லாவுக்கு அறிவியல். அடுத்தது அவள். நிமிர்ந்து பார்த்தபோது முதலில் தெரிந்தது செல்வின் சாருடைய முகம், சாம்பல் பூத்துக் கிடந்தது. மைக்கைத் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தார், நீட்டவில்லை. வேண்டாம் பியூலா என்று அந்தக் கை சொல்லிற்று. அவருக்காக அவளுக்குப் பாவமாக இருந்தது, அதே சமயம் இதற்குமேல் பாவம் பார்க்கவும் முடியாது என்று இருந்தது.

"ரெஜினுக்காகவாம்மா?" என்றார் குருவானவர்.

"இல்லங்கய்யா, எனக்காக. பேரு பியூலா. பத்தாம் வகுப்பு. ரெண்டாவது தடவ எழுதுதேன், மொதத் தடவ பெயில்."

மைக் இல்லை என்றால் என்ன, ஞாயிறு பள்ளிக் கூரைக்கொட்டகையில் நாற்பது வாண்டுகளை அடக்கிப் பழகிய தொண்டை. கடைசிப் பெஞ்சு வரைக்கும் போயிற்று. குருவானவர் படித்த படிப்பில் இது இல்லை போலிருக்கிறது. செல்வின் சாரைப் பார்த்தார். செல்வின் சார் தரையைப் பார்த்தார். பிறகு அவருக்குள் என்ன நடந்ததோ, மைக்கைத் தூக்கினார். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினார், கோபுரத்து ஒலிபெருக்கி வரைக்கும் அது இடித்துக் கேட்டது, அப்படியே கொண்டுவந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள். அழ வேண்டிய காரியம் ஒன்றும் இங்கே நடக்கவில்லை.

குருவானவர் அவள் தலையில் கை வைத்தார். கை லேசாக இருந்தது. மற்றப் பிள்ளைகளிடம் கேட்ட மாதிரியே கேட்டார், "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு? கணக்கா?"

"கணக்குக்கு ஜெபிக்க வேண்டாங்கய்யா," என்றாள் பியூலா. கோயிலுக்கு உள்ளேயும் வெளியே பஸ் ஸ்டாப்பிலும் அது கேட்டது. "அத நான் பாத்துக்கிடுதேன். இங்கிலீஷுக்கு மட்டும் ஜெபிங்க."